கண் இல்லையேல் கலை இல்லையா?

மதுரை திருநகரில் நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்றின் நிக்காஹுக்கு அண்மையில் போயிருந்தோம். முதல்நாள் மாலை உள்ளே பெண்கள் மருதாணி இட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் முன்கூடத்தில் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய இளைய மகளுக்கு வயது பன்னிரண்டு, பிறவியிலேயே பார்வையற்றவள். கையில் இட்ட மருதாணி காய்ந்தபின், சுவரைத் தொட்டபடி வந்து தன் அத்தாவின் அருகே அமர்ந்தாள். வலக்கை விரலை இடக்கையின்மேல் மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தவள், உள்ளே இருந்த தமக்கையை நோக்கிக் குரல் கொடுத்தாள்: "அக்கா, மாங்காய்க்குக் கீழே மூணு இலை இருக்கு. நடு இலைக்கு மட்டும் நரம்பு போடாம விட்டுட்டே!"

நாம் குனிந்து பார்த்தோம். அவள் சொன்னது சரியாகவே இருந்தது.

"பள்ளிக்கூடத்தில் படம் வரைகிறாயா, அம்மா?" என்று கேட்டோம்.

"இல்லை ஹஜ்ரத். டிராயிங் பீரியடிலே என்னை வெளியே உட்காரச் சொல்லிடுவாங்க. எல்லாரோட பையையும் நான்தான் பார்த்துக்குவேன்."

அவள் அத்தா சிரித்துக்கொண்டே, "கண்ணில்லாத பிள்ளைக்குப் படம் எதுக்கு ஹஜ்ரத்? நல்லா ஓதுது, அது போதும்" என்றார். அன்புள்ள தகப்பனார்; மனத்தில் வஞ்சம் இல்லாமல்தான் சொன்னார்.

அப்பள்ளிக்கூடத்தைச் சாட வேண்டும் என்று அன்றிரவே எழுதுகோலை எடுத்தோம். எடுத்த கை நின்றுவிட்டது. ஏனெனில் இச்சிறுமி நம் மக்தபிலும் ஓதியவள். மற்றப் பிள்ளைகள் பலகையில் அலிஃபும் பேயும் எழுதிப் பழகிய வேளையில், நாம் அவளை என்ன செய்தோம்? ஓரமாக உட்கார்ந்து காதால் கேட்கச் சொன்னோம். அம்ம ஜுஸுவு முழுவதையும் மனனம் செய்தாள், நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அலிஃப் எப்படி நிமிர்ந்து நிற்கும், பே எப்படிப் படுத்திருக்கும், ஜீம் எப்படி வயிறு வளைந்திருக்கும் என்பதை அவளுக்கு ஒருநாளும் நாம் காட்டவில்லை. பள்ளிக்கூடத்தைக் குறைகூற நமக்கு வாய் ஏது? ஆகவே இக்கட்டுரை நம்மையும் சேர்த்தே குற்றம் சாட்டுகிறது.

நம் வாதம் இதுதான். வடிவம் கண்ணுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்து அன்று. அதில் கைக்கும் அறிவுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கைப் பார்வையற்ற பிள்ளையிடமிருந்து பறித்துவிட்டு, பறித்த செயலுக்கு இரக்கம் என்று பெயர் சூட்டுகிறோம். இது இரக்கம் அன்று, அநீதி.

மதரஸாவில் அகாயிதுப் பாடம் ஓதத் தொடங்கும் மாணவன் முதற்கண் கற்பது என்ன? இமாம் நஸஃபீ அவர்கள் தம் நூலின் தொடக்கத்திலேயே, மனிதன் அறிவைப் பெறும் வாயில்களை மூன்றாக வகுக்கிறார்கள்: பழுதில்லாத புலன்கள், மெய்யான செய்தி, பகுத்தறிவு. புலன்களை எண்ணும்போது, செவியும் கண்ணும் மூக்கும் நாவும் போலத் தொடுவுணர்வையும் ஐந்தில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். எனவே கண் என்பது முதல் வாயிலின் ஐந்து கதவுகளுள் ஒன்று மட்டுமே. அது அடைபட்டால் மற்ற நான்கு கதவுகள் இருக்கின்றன. வேறு இரண்டு வாயில்கள் முழுமையாகத் திறந்திருக்கின்றன. இதை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லும் நாம், நம் எதிரே அமர்ந்த ஒரு பிள்ளையின் விஷயத்தில் மறந்துவிட்டோம்.

'ஏட்டுக் கணக்கு வேறு, நடப்பு வேறு. கண் இல்லாமல் படம் வரைந்தவர் எவரேனும் உண்டா?' என்று கேட்பார் உளர். உண்டு, அதுவும் நம் நாட்டிலேயே உண்டு.

வங்காளத்தில் 1904-ஆம் ஆண்டு பிறந்தவர் பினோத் பிஹாரி முகர்ஜி. குழந்தைப் பருவத்திலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. சாந்திநிகேதனில் 1919-இல் கலாபவனம் தொடங்கப்பட்டபோதே மாணவராகச் சேர்ந்தார். இத்தகைய கண்களை வைத்துக்கொண்டு இவர் ஓவியம் பயில்வதா என்ற ஐயம் ஆசிரியரான நந்தலால் போஸுக்கே எழுந்ததாம். ஊக்கத்தோடு உழைப்பாரானால் அவரைத் தடுக்க வேண்டாம் என்று தாகூர் சொன்னதாகக் கூறுவர். அந்த அனுமதியின் பயன் பிற்காலத்தில் சுவரில் நின்றது. 1946–47-இல் சாந்திநிகேதன் ஹிந்தி பவனத்தின் சுவர்களில், ஈரச் சாந்தின்மேல் வண்ணம் தீட்டும் முறையில், இடைக்கால இந்தியாவின் ஞானியரை அவர் வரைந்தார். கபீரும் துளசிதாசரும் பார்வையற்ற பாடகர் சூர்தாசரும் அதில் இடம்பெற்றார்கள். இந்தியச் சுவரோவியங்களுள் தலைசிறந்தவற்றில் ஒன்றாக இன்றும் அறிஞர்கள் அதைப் போற்றுகிறார்கள்.

இதுவரை அரைப்பார்வையோடு செய்த பணி. 1950-களின் நடுவில், கண்புரைக்குச் செய்த அறுவை பயனளிக்காமற்போய், இருந்த சிறு வெளிச்சமும் அணைந்தது. அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். நம்மவராயின் என்ன சொல்லியிருப்போம்? 'தலைவிதி, இனி ஓய்வெடுங்கள்' என்றிருப்போம். அவர் ஓயவில்லை. 1958-இல் கலாபவனத்துக்கே திரும்பி வந்து மாணவர்களுக்குக் கலை வரலாறு கற்பித்தார். விரல்களால் மெழுகைப் பிசைந்து உருவங்கள் செய்தார். தாளை மடித்தும் கத்தரித்தும் ஒட்டியும் படங்களை ஆக்கினார். கோட்டோவியங்கள் வரைந்தார். 1972-இல் கலாபவனச் சுவரில் ஓடுகளைப் பதித்துப் பெரியதோர் ஓவியம் அமைத்தார். தாளில் விரலால் மடித்துக் கண்ட உருவமே அச்சுவரில் ஓடாகப் பதிந்தது; உதவியாளர் கைகொடுத்தனர், உருவம் அவருடையது. அதே 1972-இல், அவருடைய பழைய மாணவரான சத்யஜித் ரே, அகக்கண் என்று பொருள்படும் 'தி இன்னர் ஐ' என்ற குறும்படத்தை அவரைப் பற்றி எடுத்தார். 1974-இல் நாடு பத்ம விபூஷண் வழங்கியது. 1980-இல் அவர் மறைந்தார். கேரளத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து பெரும்புகழ் எய்திய ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியனும் அவரிடம் பயின்றவரே.

'அவர் ஐம்பது ஆண்டுகள் ஓரளவு கண்டவர், நினைவிலிருந்து வரைந்தார். பிறவியிலேயே காணாதவர் எப்படி வரைவார்?' என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கு விடை துருக்கியில் இருக்கிறது.

எஷ்ரெஃப் அர்மகான் என்பவர் 1953-இல் இஸ்தான்புல்லில் பிறந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. ஓவியப் பள்ளியை மிதித்ததும் இல்லை. ஆயினும் மலை, படகு, வீடு, மரம், நிழல் அனைத்தையும் வரைகிறார். பார்வையற்றோர் எழுதப் பயன்படுத்தும் கூர்முனைக் கோலால் தாளில் கோடுகளை அழுத்தி, அக்கோடுகளை இடக்கை விரல்களால் தடவி அறிந்துகொண்டே வலக்கையால் தொடர்ந்து செல்வது அவர் முறை. வண்ணத்தை விரலால் பூசுகிறார். ஒரு வண்ணம் உலரும்வரை காத்திருந்தே அடுத்ததைத் தொடுகிறார். அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும். இன்ன பொருளுக்கு இன்ன நிறம், நிழல் இன்ன பக்கம் விழும் என்பனவற்றைக் கண்ணுடையோரிடம் கேட்டுக் கேட்டே கற்றிருக்கிறார். தொடுவுணர்வு, மெய்யான செய்தி, பகுத்தறிவு என்று நஸஃபீ இமாம் வகுத்த வாயில்கள் இங்கே ஒன்றுகூடி வேலை செய்வதைக் காணலாம்.

டொரொண்டோ பல்கலைக்கழக உளவியலறிஞர் ஜான் கென்னடி இவரைப் பலமுறை சோதித்தார். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் எண்கோண வடிவில் ஒரு பழங்கட்டடம் உண்டு. தொலைவுக்கேற்பப் பொருள்கள் சுருங்கித் தோன்றுவதைத் தாளில் காட்டும் கணக்கை ஐரோப்பாவில் புருனெலெஸ்கி முதன்முதலாகச் செய்து காட்டியது அக்கட்டடத்தை வைத்தே. அதே கட்டடத்தின் முன் அர்மகானை நிறுத்தினார்கள். அதன் வடிவைக் கையால் அறிந்த அவர், விலகிச் செல்லும் பக்கங்கள் சுருங்குமாறு அதை வரைந்து காட்டினார். ஹார்வர்டில் அமீர் அமெதி, அல்வாரோ பாஸ்குவல்-லியோனே முதலிய மூளையியல் அறிஞர்கள் அவரைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர் வரையும் வேளையில், கண்ணுடையோர்க்குப் பார்வைக்கென்று இயங்கும் மூளைப் பகுதியே இயங்கியது. கண் வழியாக ஒளி நுழையாத மூளையிலும் அப்பகுதி சும்மா கிடக்கவில்லை. கைக்குத் துணை நின்றது.

இது எப்படி இயலும் என்று வியப்போர், மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் இருவரிசைத் தூண்களுக்கு இடையே கண்ணை மூடிக்கொண்டு நிற்கட்டும். அருகிலுள்ள இரு தூண்களை நோக்கிக் கைகளை நீட்டினால், கைகள் அகல விரியும். தொலைவிலுள்ள இரு தூண்களை நோக்கி நீட்டினால், கைகள் நெருங்கி வரும். மேலும் தொலைவாயின், ஏறக்குறையச் சேர்ந்தே விடும். தொலைவில் உள்ளது ஒடுங்கும் என்ற அந்த உண்மை திசையைப் பற்றியது. திசையை அறியக் கையும் காலும் நடையும் போதும். நாள்தோறும் சுவரையும் கதவையும் திசைகொண்டே அறிந்து நடக்கும் ஒருவருக்கு இக்கணக்கு நம்மைவிட நன்றாகவே விளங்கக்கூடும்.

இதில் நம் முன்னோர்க்கும் பங்கு இருக்கிறது. பஸ்ராவில் ஏறத்தாழ 965-இல் பிறந்த இப்னுல் ஹைஸம், 'கிதாபுல் மனாழிர்' என்ற தம் பெருநூலில், பார்த்தல் என்பது கண்ணில் ஒளி விழுவதோடு முடிந்துவிடுவதில்லை என்று நிறுவினார். வடிவு, தொலைவு, அளவு ஆகியவற்றை உள்ளம் வேறுபடுத்திப் பார்த்தும், முன்னறிவோடு ஒப்பிட்டும், ஊகித்துமே அறிகிறது என்றார். ஆக, கண்ணுடையோரும் பாதியை அறிவாலேயே காண்கிறார்கள். கண்ணற்றவர் அந்த அறிவுக்கு வேண்டிய செய்தியை விரல்வழி அனுப்புகிறார், வேறுபாடு அவ்வளவே.

இனி நம் இல்லங்களில் எழும் மறுப்புகளைப் பார்ப்போம்.

'படம் வரைவது மார்க்கத்தில் ஆகுமா? அதைப் பார்வையற்ற பிள்ளைக்கு வேறு கற்றுக்கொடுப்பதா?' என்பார்க்கு: உயிருள்ளவற்றின் உருவம் பற்றி உலமாக்களிடையே கடுமையான விலக்கலும் கருத்து வேறுபாடும் இருப்பதை நாம் மறைக்கவில்லை. மேலே கூறிய இரு ஓவியர்களும் மனித உருவம் வரைந்தவர்களே, அதையும் மறைக்கவில்லை. ஆனால் மரமும் உயிரற்ற பொருள்களும் வரையலாம் என்று, ஓவியம் தீட்டிப் பிழைத்த ஒருவருக்கு வழிசொன்னவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். அன்னார் தம் முதுமையில் பார்வையை இழந்தவர்கள் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். இலையும் கொடியும் எண்கோணமும் எழுத்தும் நம் கலையின் பெருஞ்செல்வம். பத்தமடையில் நம் சமுதாயத்தார் நெய்யும் கோரைப்பாயின் பூவேலையும் எண்ணிக்கையும் கைப்பழக்கமும் சேர்ந்து பிறப்பதே. மார்க்கத்தைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்குக் கோட்டையும் வட்டத்தையும் மறுப்பவர், கண்ணுள்ள தம் பிள்ளைக்கு வண்ணப் பென்சில் வாங்கிக் கொடுப்பது ஏன்?

'நிறம் தெரியாதே' என்பார்க்கு: தெரியாதுதான். பிறவியில் பார்வையற்றவர் சிவப்பைச் செய்தியாக மட்டுமே அறிவார். ஆனால் ஓவியம் முழுவதும் நிறமா? கரிக்கோட்டால் வரைந்தது படம் இல்லையா? கஃபாவைக் கண்ணால் காணாத கோடிக்கணக்கானோர் அதன் திரை கறுப்பு என்பதைச் செய்தியால் அறிந்து, ஐயமின்றிப் பேசவில்லையா?

'தாமே காணமுடியாத படத்தை ஏன் வரைய வேண்டும்?' என்பார்க்கு: எழும்பி நிற்கும் கோட்டால் வரைந்த படத்தை, வரைந்தவர் தம் விரலால் காண்கிறார். அம்மருதாணிக் கையில் நரம்பில்லாத இலையைக் கண்டுபிடித்தது யார்?

'இதனால் பிழைப்புக்கு வழி உண்டா?' என்பார்க்கு: முக்கோணம் தெரியாமல் வடிவியல் ஏது? நாட்டின் எல்லைக்கோட்டைத் தடவிப் பாராமல் பூகோளம் ஏது? இதயத்தின் அறைகளை விரலால் அறியாமல் உயிரியல் ஏது? படத்தைப் படிக்கக் கற்காத பிள்ளை, ஓவியத்தை மட்டும் இழக்கவில்லை. பாதிப் பள்ளிக்கூடத்தை இழக்கிறது. அதன்பின், 'இவர்களுக்குக் கணக்கு வராது, விஞ்ஞானம் வராது' என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

'பாவம், அவளைச் சிரமப்படுத்தாமல் விட்டுவிடுவோம்' என்பார்க்கே நாம் மிகுதியாகச் சொல்ல வேண்டும். பார்வையற்ற ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, பள்ளிக்கு அழைத்துவர ஆள் இல்லை என்று கூறி, வீட்டிலேயே தொழுதுகொள்ள அனுமதி வேண்டியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. முதலில் அனுமதித்த நாயகம், அவர் திரும்பிச் செல்லும்போது கூப்பிட்டு, பாங்கொலி கேட்கிறதா என வினவினார்கள்; கேட்கிறது என்றதும், அவ்வாறாயின் வந்துசேருமாறு பணித்தார்கள். இதிலிருந்து சட்டம் எடுப்பது ஃபுகஹாக்களின் வேலை. நாம் எடுக்கும் படிப்பினை ஒன்றே: விலக்கு அளிப்பதெல்லாம் கண்ணியம் ஆகாது. கூட்டத்துக்குள் அழைப்பதே கண்ணியம். பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு 'அபஸ' அத்தியாயம் இறங்கியது. அவர்கள் பாங்கு சொல்லும் பணியையும் ஏற்றார்கள். நாயகம் மதீனாவை விட்டு வெளியேறிய வேளைகளில் நகரின் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பொறுப்பைத் தந்த உம்மத்து நாம். இன்றோ பையைக் காக்கும் பொறுப்பைத் தருகிறோம்.

மதுரைவாசிகளுக்கு இன்னொன்றும் சொல்வோம். இவ்வூரில் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். கோணிய கை கண்ணை அறுக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட ஊர், கண்ணற்றவரின் நேரான கை கோடு இழுக்கலாகாது என்று சொல்லுமா? பார்வையை இழந்த எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்கள் 1985-இல் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கமும் இம்மதுரையில்தான் இருக்கிறது. சட்டமும் நம் பக்கமே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 29-ஆம் பிரிவில், கலைப் பாடங்களை மாற்றுத்திறனாளிகளும் பங்குகொள்ளத்தக்கவாறு திருத்தியமைப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது. அச்சட்டத்தைப் படித்துப் பள்ளிக்கூடத்தில் கேட்கும் பெற்றோர்தாம் வேண்டும்.

பெரும் பொருட்செலவும் வேண்டியதில்லை. மெத்தென்ற ரப்பர்ப் பலகையின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துப் பேனா முனையால் அழுத்தி எழுதினால், கோடு தானே எழும்பி நிற்கும். தையற்காரர் துணியில் அடையாளமிடும் பற்சக்கரத்தை அட்டையின்மேல் உருட்டினால், மறுபுறம் புள்ளி வரிசை கிடைக்கும். நூலைப் பசையில் தோய்த்து ஒட்டலாம். ஒன்றும் இல்லையேல், நம் பெண்களிடம் மருதாணிக் கூம்பு இருக்கவே இருக்கிறது.

இவ்வழியையும் நமக்குப் புதிதாக எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் ஆமிதீ பார்வையற்ற அறிஞர். புத்தக வணிகம் செய்தவர். ஒரு நூலை வாங்கியதும், மெல்லிய தாளைத் திரியாக முறுக்கி, விலையைக் குறிக்கும் அரபு எழுத்துகளாக வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டிவிடுவாராம். பிறகு விரலால் தடவி விலையை அறிவாராம். பார்வையற்ற பெருமக்களின் வரலாற்றைத் தனிநூலாகவே தொகுத்த ஸஃபதீ இதைப் பதிவு செய்திருக்கிறார். லூயி பிரெயில் தம் புள்ளி எழுத்து முறையை வெளியிட்டது 1829-இல். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கையில் எழுத்து எழும்பி நின்றது. நம் கிதாபில் இருந்ததை நம் மக்தபில் காணோம்.

நிக்காஹ் முடிந்த மறுவாரம் திருநகருக்கு மீண்டும் போனோம். தாளைத் திரியாக முறுக்கி, ஓர் அட்டையில் அலிஃப், பே, ஜீம் மூன்றையும் ஒட்டி எடுத்துச் சென்றோம். நம் கைவேலை அழகாக இல்லை. அப்பிள்ளை அலிஃபை மேலிருந்து கீழாக இரண்டு மூன்று முறை தடவினாள். "அலிஃப் இவ்வளவு நேரா ஹஜ்ரத்? நான் வளைஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்றாள். அம்ம ஜுஸுவை மனனமாக ஓதும் பிள்ளை சொன்ன சொல் இது. நமக்கு வெட்கமாக இருந்தது. பிறகு மீந்த திரியைக் கேட்டு வாங்கி, அட்டையின் மூலையில் தானே ஓர் இலையை ஒட்டினாள். அதற்கு நரம்பும் வைத்தாள். அவள் அத்தா அந்த அட்டையைக் கையில் வாங்கி, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

இவள் பினோத் பிஹாரியாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கண்ணுள்ள பிள்ளைகள் எல்லாரும் ஓவியராகவா ஆகிறார்கள்? ஆயினும் எவரையும் நாம் வெளியே உட்கார வைப்பதில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ மஹல்லாவிலோ இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அடுத்த ஓவிய வகுப்பு மணி அடிக்கும்போது, அப்பிள்ளை பைகளுக்குக் காவலாக வெளியே அமர்ந்திருந்தால், அந்தப் பாவத்தில் பங்கு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அன்று, நமக்கும் உண்டு. அல்லாஹ் நம்மைத் திருத்துவானாக.